கடைவாய்ப் பல்

இந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில்
எல்லாரும் பல்லால்தான் குளிக்கிறோம்.
நேற்று அம்மாவுக்கு மூன்று வேர் வைத்த ஒன்று.
"இது மேலா, கீழா?"
குளியலறையிலிருந்தே கேட்டாள்.
மேல்தான் அம்மா. கீழுக்கு இரண்டு வேர்.
தம்பி துர்கேஸ் கீழ்ப்பல்லைக் கேட்டு வாங்குகிறான்,
பிடிக்க வசதியாம்.

பல் மருத்துவ நேர்காணலில் கையையும் சோதிப்பார்கள்
என்று லோகேந்திரன் சொன்னான்,
அவனுக்கு யாரோ சொன்னார்களாம்.
சுண்ணக்கட்டியைச் செதுக்கு, கம்பியை வளை,
படத்தில் இருப்பதுபோலவே, இருபது நிமிடம்.
சுண்ணக்கட்டி பொடிந்துபோகிறது.
அதனால் லிப் சின் சந்தையில்
மஞ்சள் சவுக்காரம், ஐந்து கட்டி நாலு வெள்ளி,
ஒரு பேனாக்கத்தி,
இடது ஆள்காட்டி விரலில் எப்போதும் ஒரு பிளாஸ்திரி.

சனி ஞாயிறு நான் வேறு ஆள்.
ஜெலுத்தோங்கில் மிஸ் ஊய்யின் மருந்தகம்,
மணிக்கு ஒன்பது வெள்ளி.
மாத்திரைகளை ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணுவேன்.
எந்த இருமல் மருந்து தூங்கவைக்கும், எது வைக்காது,
எதைக் குடித்துவிட்டு லாரி ஓட்டக்கூடாது
என்று மூன்று மொழியில் சொல்வேன்,
நான்காவதில் கையால்.

போன ஞாயிறு ஓர் ஆண்ட்டி வந்து
மைலோ டின்னைக் கல்லாவில் கவிழ்த்தார்.
இரண்டு கிளினிக், ஓர் அரசாங்க மருத்துவமனை,
எல்லாம் கலந்து கிடந்தது.
தாவ் ஹின், தாவ் ஹின் என்றார். தலை சுற்றுகிறதாம்,
மூன்று வாரமாக. வெயில்தான் காரணமாம்.
அட்டைகளைப் பிரித்து வைத்துக்கொண்டே வந்தேன்.
பெரிய எழுத்தில் இரண்டு வேறு பெயர்கள்.
சிறிய எழுத்தில்
ஒரே பெயர்.
இரண்டையும் காலையில் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

மிஸ் ஊய் கிளினிக்கை அழைத்துப் பதினெட்டு நிமிடம் காத்திருந்தார்.
நன்றி எல்லாம் இல்லை.
காசு கொடுத்து வாங்கியது, ஏன் நிறுத்தணும் என்று
ஆண்ட்டி சண்டைதான் போட்டார்.
எனக்கு மட்டும் கல்லாவுக்குப் பின்னால்
முழங்கால் நடுங்கியது.

வீட்டில் ஒத்திகை.
துர்கேஸ் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து
பேராசிரியர் ஆகிவிடுவான்.
"ஏன் இந்தத் துறை?"
மக்களுக்குச் சேவை செய்ய...
"முன்னாடி வந்த பத்துப் பேரும் அதையே சொன்னாங்க. அடுத்த ஆள்!"

யாரிடம் சொன்னாலும் ஒரே கேள்வி:
அப்போ டாக்டருக்கு ஏன் போடல?
மூன்று புள்ளி ஒன்பது இரண்டு இருக்கில்ல?
இந்தக் கேள்வியில் இரண்டு படிப்பும்
ஒரே ஓட்டப்பந்தயத்தில் தோற்றவை ஆகிவிடுகின்றன.

விண்ணப்பத்தில் கட்டங்களுக்கு எண் மட்டும் உண்டு.
மருந்தியல் என்றால் மிண்டன், இரண்டே பஸ் நிறுத்தம்.
பல் என்றால் குபாங் கெரியான்,
இரவு பஸ், அந்தக் கரையோரத்துக் காற்று,
என்னை யாருக்கும் தெரியாத ஓர் ஊர்.
உண்மையைச் சொன்னால்
அதற்காகவும் பல் எனக்குப் பிடித்திருந்தது.
எந்தப் பேராசிரியரிடம் இதைச் சொல்ல முடியும்?

ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள்.
நாலு நாற்பத்தொன்றுக்கு, மருந்தகத்துச் சாமான் அறையில்,
பேம்பர்ஸ் பெட்டிமேல் உட்கார்ந்து
ஒன்று: மருந்தியல். இரண்டு: பல்.
அனுப்பினேன்.
கைப்பேசி சுழன்று சுழன்று
பச்சை காட்டியது.

அன்றிரவு சும்மா உட்கார முடியவில்லை.
மிச்சமிருந்த கட்டியை எடுத்தேன். படம் பார்க்கவில்லை.
நான்கு முகடு, நடுவே குறுக்குப் பள்ளம்,
கழுத்தில் ஒடுங்கி, வேர் இரண்டும் லேசாகப் பின்னால் சாய்ந்து.
முதல் தடவையாகச்
சரியாக வந்தது.
ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் அது குளியலறையில், நுரையோடு.
துர்கேஸ் பள்ளிக்குப் போயிருந்தான்.
முகடெல்லாம் மழுங்கி
ஒரே குளியலில் அதற்கு அறுபது வயசாகியிருந்தது.

எட்டரைக்கு நான் கடை திறக்கணும், இன்று விடுப்புக்கு ஆள் இல்லை.
அதாலேயே குளித்தேன்.